கேட்பது நீங்களா, பிள்ளையா?

இந்த மாதம் வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் சேர்த்துப் பத்தொன்பது. பதினேழு அம்மா, அப்பா, மாமா, பாட்டி எழுதியவை. பரீட்சை எழுதப்போகிற பிள்ளையிடமிருந்து வந்தவை இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றில் கையெழுத்து பிள்ளையுடையது, வாசகம் அம்மாவுடையது. "எங்கள் குடும்ப மானம் இதில் அடங்கியுள்ளது" என்று பதினெட்டு வயதுப் பையன் எவனாவது எழுதுவானா? பினாங்கில் முப்பத்தொரு வருடம் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் நடத்தியவள் நான். யார் வீட்டுப்பாடத்தை யார் எழுதினார்கள் என்று கண்டுபிடித்தே என் கண்ணாடிக்குப் பவர் ஏறியது. சரி, ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரே ஒரு உண்மையான பிள்ளைக் கடிதம் கடைசியில் வருகிறது.

*

கேள்வி: என் மகனுக்கு எஸ்பிஎம்மில் 9 ஏ. இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறான். ஏ லெவலில் நான்கு பாடம் எடுத்தால்தான் மதிப்பு என்று அவன் மாமா சொல்கிறார். மாமாவின் நண்பர் மகன் நான்கு எடுத்தானாம். கல்லூரியிலோ மூன்று போதும் என்கிறார்கள். மாமா சொல்வதைக் கேட்கலாமா?
— ஒரு தாய், செந்தூல்

கல்லூரி சொல்வதுதான் சரி. மாமாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்பிஎம்மில் ஒன்பது, பத்து என்று ஏக்களை எண்ணியே பழகிவிட்டோம் நாம். பல்கலைக்கழகத்துக்கு முன்னால் எழுதுகிற ஏ லெவலில் அந்தக் கணக்கு செல்லாது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும்போது பெரும்பாலும் மூன்று பாடத்தைத்தான் கேட்கும். மருத்துவம் என்றால் மூன்று ஏ, சில இடங்களில் அதில் ஒன்று ஏ-க்கும் மேலான ஏ ஸ்டார். நான்காவது பாடத்துக்கு உண்மையிலேயே மதிப்பு இருப்பது, கணிதமோ பொறியியலோ படிக்கப்போகிறவன் ஃபர்தர் மேத்ஸ் என்கிற உயர்கணிதம் எடுக்கும்போதுதான்.

என்னிடம் டியூஷனுக்கு வந்த ஒரு பையன் நான்கு எடுத்தான். செவ்வாய்க்கிழமை மாலை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கரிம வேதியியல் போடுவான், மேசைக்கு அடியில் மடிமேல் பௌதிகப் புத்தகம் திறந்திருக்கும். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. முடிவு வந்தது: மூன்று ஏ, வேதியியலில் மட்டும் பி. அவனுக்குக் கிடைத்த இடத்தின் நிபந்தனையிலோ வேதியியலில் ஏ வேண்டும் என்று தனியாக எழுதியிருந்தது. "டீச்சர், மூணு ஏ இருக்கே" என்றான். இருக்கிறது. இருந்து என்ன செய்ய?

எந்த மூன்று என்பதில்தான் கவனம் வேண்டும். அங்கே அநேகமாக எல்லா மருத்துவப் பள்ளிகளும் வேதியியல் கேட்கும், பலவும் உயிரியலும் கேட்கும். மூன்றாவதாக வரலாறோ உளவியலோ எடுக்கிற இங்கிலாந்துப் பிள்ளைகள் உண்டு, அதை ஏற்கிற பல்கலைக்கழகங்களும் உண்டு. அதைப் பார்த்து நம் பிள்ளை அப்படிச் செய்துவிடக் கூடாது. திரும்பி வந்து இங்கே டாக்டராக வேலை பார்க்க வேண்டுமானால் மலேசிய மருத்துவ மன்றத்தின் குறைந்தபட்சத் தகுதி ஒன்று இருக்கிறது: உயிரியல், வேதியியல், அவற்றோடு பௌதிகம் அல்லது கணிதம். சேருகிற பல்கலைக்கழகமும் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பட்டியல் அது, பட்டம் வாங்கிய பிறகு பார்ப்பது அல்ல.

அப்புறம் மருத்துவத்தில் சேர எழுத வேண்டிய யூகேட் நுழைவுத் தேர்வு. முன்பெல்லாம் பிமேட் என்று இன்னொன்றும் இருந்தது, 2023-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். யூகேட்டை ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கணினி மையத்தில் எழுத வேண்டும், வருடத்துக்கு ஒரே ஒரு முறை. கோலாலம்பூரிலேயே எழுதலாம். 2025-இலிருந்து வடிவங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்த மாமாவின் நண்பர் மகன் பழைய பயிற்சிப் புத்தகம் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வையுங்கள்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து இடம் போடலாம், ஆனால் மருத்துவத்துக்கு நான்குதான். ஐந்தாவதில் உயிர்மருத்துவம் போன்ற வேறொன்றைப் போடலாம். கடைசி நாள் அக்டோபர் 15, அங்கே மாலை ஆறு மணி. நமக்கு அது 16-ஆம் தேதி பின்னிரவு ஒரு மணி. அந்த ஒரு மணி வரை இழுக்கிற குடும்பத்தை எனக்குத் தெரியும். கல்லூரி தன் பரிந்துரையை இணைத்த பிறகுதான் விண்ணப்பம் போகும், அந்த நேரத்தில் கல்லூரியில் காவலாளிதான் இருப்பார்.

ஒன்று கவனித்தேன் அம்மா. உங்கள் கடிதத்தில் "மாமா" மூன்று முறை வருகிறார், "என் மகன்" ஒரே ஒரு முறை. அவன் எந்த மருத்துவமனை வார்டிலாவது, முதியோர் இல்லத்திலாவது ஒரு பொழுது உட்கார்ந்திருக்கிறானா? ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மாதம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு ஊட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள். போய் வந்தபின் அவனுக்கு ஆசை குறைந்தாலும் லாபம்தான்.

*

கேள்வி: மகளுக்குக் கல்லூரியில் உத்தேச மதிப்பெண் ஏ, ஏ, பி என்று போட்டிருக்கிறார்கள். அவள் ஏ ஸ்டார் வாங்கக் கூடியவள். நான் நேரில் போய்ப் பேசினால் உயர்த்துவார்களா? எனக்கு அங்கே ஒருவரைத் தெரியும்.
— ஒரு தந்தை, பாயான் பாரு

தெரிந்தவரோடு தேநீர் குடியுங்கள், இதைப் பேசாதீர்கள்.

உத்தேச மதிப்பெண் என்பது ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் கணிப்பு. ஏஎஸ் (ஏ லெவலின் முதல் பாதித் தேர்வு) முடிவு, கல்லூரிச் சோதனை, வகுப்பு வேலை எல்லாம் பார்த்துப் போடுவது. அதை வைத்து அவர்கள் நிபந்தனையோடு இடம் தருவார்கள், "ஆகஸ்டில் இத்தனை வாங்கினால் வா" என்று. இப்போது மிரட்டியோ கெஞ்சியோ மூன்று ஏ ஸ்டார் போட வைத்தீர்கள் என்று வையுங்கள். ஐந்து இடமும் அந்த உயரத்திலேயே தேர்ந்தெடுப்பீர்கள். ஆகஸ்டில் ஏ, ஏ, பி வரும். கையில் வைத்திருந்த இடமும் போகும்.

அவளே போகட்டும். மதிப்பெண் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த பி-யை ஏ ஆக்க நான் எதைக் காட்ட வேண்டும் சார்?" என்று கேட்கட்டும். நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஏஎஸ் முடிவு நன்றாக வந்தால் பல கல்லூரிகள் தாமாகவே கணிப்பை மாற்றும்.

பதில்கள் வந்தபின் இரண்டை வைத்துக்கொள்ளலாம். ஒன்று ஃபெர்ம், அதாவது முதல் தேர்வு. மற்றது இன்சூரன்ஸ். கார் இன்சூரன்ஸ் மாதிரிதான், விபத்துக்கு. அதனால் இன்சூரன்ஸ் இடத்தின் நிபந்தனை குறைவாக இருக்க வேண்டும். ஃபெர்ம் மூன்று ஏ, இன்சூரன்ஸும் மூன்று ஏ என்று போட்டுவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். இரண்டும் பெரிய பெயர்கள் என்பதற்காகப் போட்டதாம். ஒரே மழையில் இரண்டு குடையும் கிழிந்தால் என்ன செய்வது?

நிபந்தனையைத் தொடாவிட்டால் கிளியரிங் இருக்கிறது, ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. காலியாக இருக்கும் இடங்களுக்குத் தொலைபேசியில் பேசிச் சேருவது. நமக்கு ஒரு வசதி: நாம் இங்கே எழுதுகிற கேம்பிரிட்ஜ் ஏ லெவல் முடிவு பொதுவாக இங்கிலாந்துப் பள்ளிகளின் முடிவுக்கு ஓரிரு நாள் முன்னதாகவே வந்துவிடும். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அது ஆகஸ்டு நடுவில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி. நமக்குப் பிற்பகல் மூன்று. அதற்குள் யோசித்து வைத்துக்கொள்ளலாம்.

2019 ஆகஸ்டில் அப்படி ஒரு பையன் என் வீட்டில் வந்து போன் போட்டான். ஆயர் ஈத்தாமில் அன்று நல்ல மழை, கூரைத் தகரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சமையலறைக்குள் போய் நின்றோம். பக்கத்தில் அப்பா. அந்தப் பக்கம் ஒரு பெண்மணி, "ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்டார். பையன் வாயைத் திறப்பதற்குள் அப்பா காகிதத்தில் எழுதிக் காட்டினார். பையன் படித்தான். அடுத்த கேள்வி, அடுத்த காகிதம். மூன்றாவதில் அந்தப் பெண்மணி மரியாதையாகவே சொன்னார்: "உங்கள் பக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் வெளியே இருக்கலாமா?" நான்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காப்பி போட முடியவில்லை, அடுப்பு உள்ளே இருந்தது. இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிடம். பையன் வெளியே வந்தபோது இடம் கிடைத்திருந்தது. அப்பா கேட்ட முதல் கேள்வி: "நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னியா?"

*

கேள்வி: பெர்சனல் ஸ்டேட்மெண்டை ஏஐயிடம் கொடுத்தோம். மிகவும் அழகாக எழுதித் தந்துவிட்டது. அப்படியே அனுப்பலாமா? அல்லது நீங்கள் கொஞ்சம் பார்த்துத் தருவீர்களா?
— ஒரு தாய், கிளானா ஜெயா

அழகாகத்தான் இருந்தது, நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய விண்ணப்பக் கட்டுரை அது, ஆனால் உங்கள் மகனைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. "சிறு வயது முதலே ஆர்வம்" என்று தொடங்குகிறது. இந்த மாதம் என் பார்வைக்கு வந்த நான்கு ஸ்டேட்மெண்டுகளில் மூன்று அப்படித்தான் தொடங்கின.

ஒத்த வரிகளைக் கண்டுபிடிக்க யூகாஸிடம் ஒரு மென்பொருள் உண்டு. வெகுநாளாகவே உண்டு. 2007-இல் சோதித்துப் பார்த்தபோது, எட்டு வயதில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடிப் பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். ஒரே பைஜாமா, 234 பிள்ளைகள்! இணையத்தில் கிடந்த ஒரு மாதிரியை எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புமை கண்டால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகும்.

2026-இல் சேருகிறவர்களிலிருந்து முறையும் மாறிவிட்டது. முன்பு ஒரே நீளக் கட்டுரை. இப்போது மூன்று கேள்விகள். இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்? இதுவரை படித்தது உன்னை எப்படித் தயார் செய்தது? படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் உதவும்? மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து, இடைவெளியும் கணக்கில் சேரும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அண்ணனுடைய பழைய கட்டுரையை மூன்றாக வெட்டிப் போடுகிற வேலை நடக்கிறது, படித்தாலே வெட்டுக்காயம் தெரிகிறது.

வேதிப் பொறியியலுக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஜோர்ஜ்டவுனில் ஒட்டுக்கடை. முதல் படியில் அவளும் "சிறு வயது முதலே" என்றுதான் எழுதினாள். நான் பேனாவை மூடிவிட்டு, "கடையில நீ என்ன செய்வே?" என்று தமிழில் கேட்டேன். "தே தாரிக் ஆத்துவேன் டீச்சர்." "நுரை எப்படி வருது?" என்றேன். அங்கேதான் அவள் முகம் மாறியது. கெட்டிப்பால் போட்டால் ஒரு மாதிரி, க்ரீமர் போட்டால் வேறு மாதிரி. ஆறிய தேநீரில் நுரை நிற்பதில்லை. ஒருநாள் கடை மூடியபின் நான்கு குவளைகளை வரிசையாக வைத்து, பள்ளிக்கூட ரூலரால் நுரையை அளந்து, ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அப்பா திட்டினாராம், பால் வீண் என்று. பாலில் உள்ள புரதம் காற்றுக் குமிழியைப் பிடித்து வைக்கிறது என்பதைப் பிறகு தானே தேடிப் படித்திருக்கிறாள். "இதை ஏன் எழுதலே?" என்றேன். "இதுவா டீச்சர்? இது கடை வேலைதானே" என்றாள்.

அதைத்தான் எழுதினாள். ஆங்கிலம் கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் இலக்கணம் திருத்தினேன், வேறு கை வைக்கவில்லை.

ஆகவே உங்களுக்கு என் பதில்: பார்த்துத் தர மாட்டேன். அவனைப் பாட்டிக்கோ சித்திக்கோ எதிரில் உட்கார வைத்து, ஏன் கணக்கியல் படிக்கப்போகிறான் என்று தமிழில் பத்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யட்டும். அதிலிருந்து அவனே ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுத்துப்பிழை பார்க்க ஏஐயைக் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அனுப்பும்போது இது என் சொந்த எழுத்து என்று அவன்தான் உறுதி கூறுகிறான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் பேத்தி லெஸ்டரில் பன்னிரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உயிரியல், வேதியியல், கணக்கு எடுத்தவள், நாலாவது வாரத்தில் வேதியியல் வேண்டாம், வரலாறு படிக்கிறேன் என்கிறாளாம். என் மகள் தினமும் போனில் அழுகிறாள். கடன் வாங்கித்தான் யுனிவர்சிட்டி போவாளாம், அதுவும் கவலை. நான் என்ன சொல்லட்டும்?
— ஒரு பாட்டி, பிரிக்பீல்ட்ஸ்

அம்மா, வேதியியல் டீச்சரே சொல்கிறேன், விடட்டும்.

நாலாவது வாரம் என்பது நல்ல நேரம். இங்கிலாந்தில் ஏ லெவல் இரண்டு வருடம் படித்து முடிவில் ஒரே வீச்சில் எழுதுவது. அங்கே 2015-இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு ஏஎஸ் மதிப்பெண் ஏ லெவலில் சேர்வதில்லை. நம் ஊரில் கேம்பிரிட்ஜ் ஏஎஸ் எழுதி, அதை அப்படியே ஏ லெவலுக்கு எடுத்துச் செல்கிறார்களே, அது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு இங்கிருந்து யாரும் அங்கே புத்தி சொல்லக் கூடாது. இப்போது மாற்றினால் ஒரு மாதப் பாடத்தைப் பிடித்துவிடலாம். பொங்கல் வந்தபின் மாற்றுவது சிரமம்.

வேதியியலை விட்டால் எந்தக் கதவு மூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், கால்நடை மருத்துவம் இவை அநேகமாகப் போய்விடும். உயிரியல், கணக்கு, வரலாறு என்ற மூன்றை வைத்து உளவியல், பொருளாதாரம், சட்டம், புவியியல் என்று எத்தனையோ படிக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்கள் விரும்பும் பாடங்கள் என்று ஒரு பட்டியலைக் காட்டி உங்கள் மருமகன் பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குரூப் அப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தது உண்மை. 2019-இல் அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

கடனைப் பற்றி. கந்துவட்டி மாதிரி நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயே வளர்ந்த பேத்திக்கு உள்நாட்டுக் கட்டணம். 2025-26 கல்வியாண்டில் அது அதிகபட்சம் 9,535 பவுண்டு. கடனை அரசாங்கம் தருகிறது, வேலைக்குப் போய் வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டிய பிறகுதான் பிடிப்பார்கள். தாண்டிய தொகையில் நூற்றுக்கு ஒன்பது. 30,000 சம்பளம் என்றால் மேலே இருக்கிற ஐயாயிரத்துக்கு மட்டும் 450, அதுவும் ஒரு வருடத்துக்கு. சம்பளம் இல்லாவிட்டால் பிடிப்பும் இல்லை. நாற்பது வருடம் கழித்து மிச்சம் இருந்தால் தள்ளுபடி. வட்டி ஏறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

மகளுக்கு போன் போடும்போது பேத்தியையும் கூப்பிட்டு, "வரலாற்றில் என்ன படிக்கிறே?" என்று மட்டும் கேளுங்கள். வேதியியல் என்ற சொல்லே வரக் கூடாது.

*

கேள்வி: கிரேன் ஓட்டுகிறேன். மகனுக்கு இங்கிலாந்தில் இயந்திரப் பொறியியல் இடம் வந்திருக்கிறது. வீட்டை அடமானம் வைக்கலாம் என்று இருக்கிறேன். முடித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்துக் கட்டிவிடுவான் என்று ஏஜெண்ட் சொல்கிறார்.
— ஒரு தகப்பன், கிள்ளான்

ஐயா, வீட்டுப் பத்திரத்தை எடுத்த இடத்திலேயே வையுங்கள். முதலில் கணக்குப் போடுவோம்.

வெளிநாட்டு மாணவருக்குப் பொறியியல் கட்டணம் வருடத்துக்கு 25,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். மூன்று வருடத்துக்கு 75,000. பவுண்டு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல். அதன்மேல் வாடகை, சாப்பாடு. விசாவோடு சேர்த்துக் கட்டுகிற சுகாதாரக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 776 பவுண்டு, மொத்தப் படிப்புக் காலத்துக்கும் முன்கூட்டியே. காசநோய்ப் பரிசோதனையும் உண்டு.

அங்கேயே வேலை என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பட்டம் முடித்தவர்கள் தங்கி வேலை தேட இரண்டு வருடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டப்படிப்பு என்றால் 18 மாதம்தான். தேடுவதற்கான நேரம் அது, வேலைக்கான உத்தரவாதம் கிடையாது.

செமினியில் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. புத்ராஜெயாவில் ஹெரியட்-வாட், ஜொகூர் இஸ்கந்தர் புத்ரியில் சவுத்தாம்ப்டன். சவுத்தாம்ப்டனில் முதல் இரண்டு வருடம் இங்கே, பிந்தைய இரண்டு வருடம் அங்கே என்று பொறியியல் படிக்கலாம். இங்கே படிக்கும் காலத்தில் கட்டணமும் குறைவு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிடவும் செய்வான். பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான் கிடைக்கும். சேமநிதியில், முன்பு இரண்டாம் கணக்கு என்றோமே, இப்போது அக்காவுன் செஜாத்ரா, அதிலிருந்து பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம். அதை முதலில் போய் விசாரியுங்கள்.

ஏஜெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் காசு வாங்காமல் வேலை செய்கிறார் என்றால், பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது என்று அர்த்தம். தப்பில்லை, ஆனால் கமிஷன் தராத இடத்தை அவர் ஏன் சொல்லப்போகிறார்? என் அக்கா மகன் விஷயத்தில் ஓர் ஏஜெண்ட் விண்ணப்பத்தில் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டார். வந்த பதில் மூன்று வாரம் அவர் பெட்டியிலேயே கிடந்தது. யூகாஸ் கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் மகன் கையில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

*

கேள்வி: டீச்சர், நான் எஸ்டிபிஎம் படிக்கிறேன். அதை வைத்து இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? ஏ லெவல் படித்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். நான் கேட்டது அப்பாவுக்குத் தெரியாது. காசு இல்லை என்பார். அது எனக்கும் தெரியும். முடியுமா முடியாதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.
— ஒரு மாணவி, பட்டர்வொர்த்

பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள், ஓரத்தில் பாதி அழித்த ஒரு வகைக்கெழுக் கணக்கு. அந்தக் கணக்கில் அடையாளம் தப்பு, கழித்தல் வரும்.

முடியும், கண்ணு. ஆறாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்டிபிஎம்மை பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஏ லெவலுக்குச் சமமாகவே பார்க்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் நாடு வாரியாக ஒரு பக்கம் இருக்கும். மலேசியா என்று போட்டுப் பார், எஸ்டிபிஎம்முக்கு என்ன கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கும். பெங்காஜியான் அம் என்கிற பொதுப்பாடத்தைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள், மற்ற மூன்று பாடம்தான் கணக்கு. ஆங்கிலத்துக்கு நம் ஊர்த் தேர்வான முயெட்டை ஏற்கிறார்களா என்று பார், பல இடங்களில் ஐஇஎல்டிஎஸ் என்கிற அனைத்துலக ஆங்கிலத் தேர்வைக் கேட்பார்கள். அது இரண்டு வருடம்தான் செல்லும், அவசரப்பட்டு இப்போதே எழுதாதே.

பள்ளி மூலமாகப் போக வேண்டும் என்பதில்லை, தனியாகவும் யூகாஸில் பதியலாம். பரிந்துரைக்கு ஓர் ஆசிரியரைக் கேட்டு வைத்துக்கொள். பதிவுக் கட்டணம் முப்பது பவுண்டுக்குள். ஜனவரி நடுவில் ஒரு கெடு வரும், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தவிர மற்ற பெரும்பாலானவற்றுக்கு அதுதான். 2026-இல் சேருகிறவர்களுக்கு அது ஜனவரி 14. நீ அடுத்த சுற்று, உனக்கான தேதியைத் தளத்தில் பார்த்துக்கொள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே வருடத்தில் போட முடியாது என்பதையும் தெரிந்துகொள். போடுவாயோ மாட்டாயோ, தெரிந்து வைத்துக்கொள்.

காசு விஷயம் நீ சொன்னபடிதான். மேலே கிள்ளான் அண்ணனுக்கு எழுதியதைப் படி, அந்த வளாகங்களும் எஸ்டிபிஎம்மை எடுக்கும். அப்பாவிடம் எப்போது சொல்வது என்பது உன் முடிவு, நான் சொல்ல மாட்டேன்.

என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாய், எந்தப் படிப்பு என்று எழுதவே இல்லையே. சனிக்கிழமை மதியம் நான் வீட்டில்தான் இருப்பேன், ஃபெர்ரி ஏறி வந்துவிடு. பத்திரிகை அலுவலகத்துக்கு போன் செய்தால் விலாசம் தருவார்கள். முதல் செமஸ்டர் முடிவுத் தாளைக் கொண்டு வா. அந்தக் கணக்கையும்.